எதை முதலில் மூடியிருக்க வேண்டும்? பிரான்ஸ், ஜெர்மனி மின்கொள்கை பற்றி ஒரு வாக்குவாதம்

லியோன்வாசி:
பக்கத்துப் பக்கத்து நாடுகள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது இரண்டுக்கும் ஒரே அடிதான் விழுந்தது. அடுத்த மார்ச்சிலேயே பிரதமர் பியேர் மெஸ்மர், இனி நாட்டுக்கு மின்சாரம் அணு உலையிலிருந்துதான் என்று அறிவித்துவிட்டார். 1977-இல் ஃபெசன்ஹைமில் தொடங்கி 1999-இல் சிவோ வரை 58 உலைகளை பிரான்ஸ் மின்தொகுப்பில் சேர்த்தது. ஜெர்மனியும் உலைகள் கட்டியது. பிறகு பயந்துபோய் ஒவ்வொன்றாக மூடியது. கடைசி மூன்று, 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன.

விளைவைப் பாருங்கள். 2024-இல் பிரான்சில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறிய கரியமில வாயு ஏறத்தாழ 22 கிராம். ஜெர்மனியில் ஏறத்தாழ 360 கிராம். அதே ஆண்டில் பிரான்ஸ் நிகரமாக 8,900 கோடி யூனிட் ஏற்றுமதி செய்தது. ஜெர்மனி இறக்குமதி செய்தது. பசுமைக் கொள்கையைப் பற்றி ஐரோப்பாவுக்கே வகுப்பெடுக்கும் நாடு, அணைத்த உலைக்குப் பதிலாக அண்டை நாட்டு உலையின் மின்சாரத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகும் யாருடைய தொலைநோக்கு சரி என்று ஒரு விவாதம் தேவையா?

ரைன்கரை:
தேவைதான். ஏனென்றால் அண்ணன் 2024-ஐ எடுத்துக்கொண்டு 2022-ஐ ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டார்.

2022 ஆகஸ்ட் இறுதியில், ஃபெசன்ஹைமின் இரண்டை மூடியது போக மிஞ்சியிருந்த பிரான்சின் 56 உலைகளில் 32 நின்றிருந்தன. குழாய் வளைவுகளில் அரிப்பு விரிசல். எந்த உலைகளில் முதலில் கண்டுபிடித்தார்கள்? கிழடு தட்டிய உலைகளில் அல்ல; சிவோ, ஷோ ஆகிய இடங்களில் இருக்கும் ஆகப் புதிய வகையில். ஒரே வரைபடத்தில் வரிசையாகக் கட்டினோம், அதனால் மலிவு என்று நாற்பது ஆண்டுகளாகப் பெருமை பேசினார்களே, அந்த ஒரே வரைபடம்தான் காலை வாரியது. ஓர் உலையில் குறை என்றால் அதே வகை உலைகளையெல்லாம் நிறுத்தித் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அணு மின் உற்பத்தி 27,900 கோடி யூனிட்டுக்குச் சரிந்தது. முப்பது ஆண்டுகளில் அவ்வளவு குறைந்ததில்லை. 1980-க்குப் பிறகு முதன்முறையாக பிரான்ஸ் நிகர இறக்குமதியாளர் ஆனது. மின்சாரம் அனுப்பியவர்களில் ஜெர்மனிக்காரர்களான நாங்களும் உண்டு, ரஷ்ய எரிவாயு நின்றுபோன அதே ஆண்டில்.

2012 பிப்ரவரிக் குளிரையும் நினைவுபடுத்துகிறேன். எட்டு உலைகளை முந்தைய ஆண்டுதான் மூடியிருந்த ஜெர்மனி, அப்போதும் உங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. வீட்டையெல்லாம் மின்சாரத்தால் சூடாக்கும் நாடு, வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் கூடுதலாக ஏறத்தாழ 2,400 மெகாவாட் கேட்கிறது. உலைகளுக்கு வேலை வேண்டும் என்று மின் ஹீட்டரைத் தலையில் கட்டியதும் அந்தத் தொலைநோக்கின் பகுதிதானே?

லியோன்வாசி:
2022 மோசமான ஆண்டு. யாரும் மறுக்கவில்லை. விரிசலைக் கண்டுபிடித்தார்கள், குழாய்களை மாற்றினார்கள், 2024-இல் உற்பத்தி 36,000 கோடி யூனிட்டைத் தாண்டிவிட்டது. பழுது பார்த்தால் சரியாகிற கோளாறு அது. மூடிய உலை திரும்ப வராது.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. 2019 டிசம்பர் 31 அன்று பிலிப்ஸ்பர்க் 2 உலையை அணைத்தீர்கள். ஏறத்தாழ 1,400 மெகாவாட், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து, 2020 மே இறுதியில், டாட்டெல்ன் 4 என்ற புத்தம் புது நிலக்கரி நிலையத்தைத் தொடங்கினீர்கள். 1,100 மெகாவாட். புவி வெப்பமாகிறது என்று பள்ளிப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் தெருவில் நின்ற காலம் அது. இந்த வரிசையை எந்தக் கொள்கை கொண்டு நியாயப்படுத்துவீர்கள்?

வழிப்போக்கன்:
லுட்செராட்டை விட்டுவிட்டீர்கள். பழுப்பு நிலக்கரிக்காக ஓர் ஊரையே காலி செய்து, 2023 ஜனவரியில் போலீசை வைத்துப் போராட்டக்காரர்களைத் தூக்கி வெளியேற்றினார்கள். அப்போது ஆட்சியில் பசுமைக் கட்சியும் இருந்தது.

ரைன்கரை:
டாட்டெல்னை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. நிலக்கரிக்கு முன்னால் அணுவை மூடியது ஜெர்மன் அரசியல் எடுத்த தெரிவு. அதற்கு 2020-இல் தொடங்காத ஒரு கதை இருக்கிறது.

நான் தென்மேற்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் பக்கம் இருக்கிறேன். இங்கிருந்து சிறிது தூரத்தில் வீல் என்றொரு ஊர். 1975-இல் அங்கே அணு உலை கட்ட வந்தபோது திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் பணி நடக்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். மாதக்கணக்கில். உலை கட்டப்படவே இல்லை. 1986-இல் செர்னோபில் மேகம் தென் ஜெர்மனி மீது மழையாக இறங்கியது. அதன் பிறகு ஷூனாவ் என்ற கருங்காட்டுச் சிற்றூரின் மக்கள் பத்தாண்டு போராடி, பணம் திரட்டி, 1997-இல் ஊரின் மின்கம்பிவலையையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் யாரோ ஓர் அமைச்சரின் மூளையில் உதித்ததல்ல. அடியிலிருந்து வந்தது. அந்தச் சட்டப்படி, கூரையில் சோலார் வைத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு 50 சென்ட், இருபது ஆண்டுக்கு உத்தரவாதம். பைத்தியக்காரத்தனமான விலைதான். அந்த விலைதான் தொழிற்சாலைகளை உருவாக்கியது. இன்று சிறிய கூரைக்கு 8 சென்ட்கூடக் கொடுப்பதில்லை, அப்படியும் வைக்கிறார்கள். உலகம் முழுவதும் சோலார் மலிந்ததற்கு முதல் தவணையைக் கட்டியவர்கள் ஜெர்மன் மின் நுகர்வோர்.

மெஸ்மர் திட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புகூட நடக்கவில்லை என்பதையும் அண்ணன் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. அணுவை மூடி அந்த இடத்தில் நிலக்கரியை எரித்தோம் என்ற பேச்சு கணக்குக்கு ஒத்துவராது. 2000-இல் ஜெர்மன் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பாதி. 2020-இல் நான்கில் ஒன்று. அணுவும் குறைந்தது, நிலக்கரியும் குறைந்தது. காற்றும் வெயிலும் ஏறின.

லியோன்வாசி:
அணுவை வைத்துக்கொண்டிருந்தால் அந்த நான்கில் ஒன்றும் இருந்திருக்காதே! 2010-இல் உங்கள் உலைகள் 14,000 கோடி யூனிட் கொடுத்தன. அத்தனை காற்றாலையையும் சோலாரையும் கட்டிவிட்டு, உலைகளையும் ஓடவிட்டிருந்தால், மூட வேண்டியது நிலக்கரியை மட்டும்தான். நான் சோலாருக்கு எதிரி அல்ல. நீங்கள் ஏறிய படியை ஒரு காலால் உதைத்துக்கொண்டே ஏறினீர்கள் என்கிறேன்.

சோலாருக்கு முதல் தவணை கட்டிய பெருமையையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். தவணை உங்களுடையது, தொழிற்சாலை சீனாவினுடையது. உங்கள் சோலார் நிறுவனங்களில் கியூசெல்ஸ் 2012-இல் திவால். சோலார்வேர்ல்ட் 2017-இல் திவால்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் சற்று நில்லுங்கள். மின்கட்டணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் இருவருக்கும் சங்கடம்.

ஜெர்மனியில் வீட்டுக்காரர் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 40 சென்ட் கொடுக்கிறார். பிரான்சில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. லியோன்வாசி அடுத்து இதைத்தான் எடுத்து வைப்பார் என்று தெரியும், முந்திக்கொள்கிறேன். பிரான்சின் மின்கட்டணத்தில் முழுச் செலவும் தெரிவதில்லை. உலைகளை நடத்தும் ஈடிஎஃப் நிறுவனம் தன் அணு மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கை, ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட், போட்டி நிறுவனங்களுக்கு யூனிட் 4.2 சென்ட் விலையில் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2022-இல் சந்தை விலை வானத்தில் இருந்தபோது அரசு அந்த அளவை இன்னும் 2,000 கோடி யூனிட் உயர்த்தியது. மக்களுக்குக் கட்டண உயர்வு 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. உலைகள் பாதி நின்றிருந்ததால், விற்றாக வேண்டிய மின்சாரத்தை ஈடிஎஃப் வெளியில் கொள்ளை விலைக்கு வாங்கி அடிமாட்டு விலைக்கு விற்றது. அந்த ஓர் ஆண்டு நட்டம் 1,790 கோடி யூரோ. கடன் 6,450 கோடி யூரோ. 2023-இல் அரசு நிறுவனத்தை முழுவதுமாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது. குறைந்த கட்டணத்தின் மிச்சத்தை வரியாகவும் கடனாகவும் கட்டுகிறீர்கள், லியோன்வாசி.

ரைன்கரை சிரிக்க வேண்டாம். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான மேல்வரி 2017-இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் இருந்தது. 2022 ஜூலையில் அது ரத்து. ஆகா, குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். குறையவில்லை. மின்கட்டணத்திலிருந்து எடுத்து அரசு பட்ஜெட்டில் வைத்தார்கள், அவ்வளவுதான். காலநிலை நிதிக்குக் கணக்கு மாற்றி வைத்த 6,000 கோடி யூரோ செல்லாது என்று 2023 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னபோது கூட்டணி ஆட்சியே ஆட்டம் கண்டது.

அவரவர் செலவை அவரவர் எங்கே ஒளித்து வைத்தார்கள் என்று பார்க்காமல் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

லியோன்வாசி:
பழைய 58 உலைகள் தங்கள் விலையை எப்போதோ ஈட்டிவிட்டன. நட்டம் 2022-க்கானது.

ரைன்கரை:
பழையவை சரி. புதியது? ஃபிளமான்வில் 3. 2007-இல் அடிக்கல், 2012-இல் மின்சாரம், 330 கோடி யூரோ செலவு என்றார்கள். மின்தொகுப்பில் சேர்ந்தது 2024 டிசம்பரில். நிறுவனமே சொன்ன கட்டுமானச் செலவு 1,320 கோடி. உங்கள் தணிக்கை நீதிமன்றம் நிதிச் செலவையும் சேர்த்துப் போட்ட கணக்கு 2,300 கோடிக்கு மேல். ஓர் உலைக்கு!

ஈபி ஓய்வாளர்:
நான் தமிழ்நாட்டில் லோடு டெஸ்பாட்ச் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆடி மாதக் காற்றில் முப்பந்தல் மின்சாரம் கொட்டும்போது எதை இறக்குவது, காற்று சட்டென்று நின்றால் எதை ஏற்றுவது என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஆள். அதனால் கொள்கையைவிட கம்பியைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜெர்மனியின் சிக்கல் காற்று இல்லாததல்ல. காற்று வடக்கே, தொழிற்சாலை தெற்கே. நடுவில் கம்பி போதாது. சூட்லிங்க் என்று ஏறத்தாழ 700 கிலோமீட்டர், 4,000 மெகாவாட் தாங்கும் நேர்மின் தடம். 2022-இல் தயாராக வேண்டியது. ராட்சதக் கோபுரங்கள் எங்கள் மண்ணில் வேண்டாம் என்று பவேரியா பிடிவாதம் பிடித்ததால் 2015-இல் நிலத்தடி கேபிளாக மாற்றினார்கள். இப்போது 2028 என்கிறார்கள். உலைகளை மூடும் தேதி சட்டத்தில் இருந்தது. கம்பி வந்து சேரும் தேதி யார் பொறுப்பிலும் இல்லை. கம்பி வராததால் என்ன நடக்கிறது? வடக்கே சுற்றும் காற்றாலையை நிறுத்தச் சொல்லி நட்டஈடு கொடுக்கிறார்கள், தெற்கே அனல் நிலையத்தை ஏற்றச் சொல்லி அதற்கும் காசு கொடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டும்! ஆண்டுக்குப் பல நூறு கோடி யூரோ. இந்த வேலையைச் செய்தவனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

2024 டிசம்பர் 12 மாலை காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. ஜெர்மன் சந்தை விலை யூனிட்டுக்கு 93 சென்ட்டைத் தொட்டது. கேபிளால் இணைந்திருக்கும் தெற்கு ஸ்வீடனிலும் விலை ஏறியது. அந்த நாட்டு அமைச்சர் ஜெர்மனியைப் பகிரங்கமாகவே திட்டினார். அதற்குச் சில மாதம் முன்புதான் ஹன்சா பவர்பிரிட்ஜ் என்ற புதிய கேபிளுக்கு ஸ்வீடன் அனுமதி மறுத்திருந்தது.

பிரான்சுக்கு வருகிறேன். அவர்களுக்குக் கம்பி இருக்கிறது. ஆள் இல்லாமல் போனது. 1999-இல் கடைசி உலையை இணைத்துவிட்டு 2007 வரை உள்நாட்டில் அடுத்ததைத் தொடங்கவில்லை. வெல்டர் ஓய்வு பெற்றார், ஃபோர்மன் ஓய்வு பெற்றார், சோதித்துப் பார்ப்பவரும் போய்விட்டார். ஃபிளமான்வில்லில் முக்கிய நீராவிக் குழாய்களின் வெல்டிங்கே தரத்துக்கு வரவில்லை, திரும்பச் செய்தார்கள். மெஸ்மர் காலத்துச் சாதனை உலைகளில் இல்லை, அவற்றை வரிசையாகக் கட்டிய கைகளில் இருந்தது. வரிசையை நிறுத்தியதும் கை மறந்துவிட்டது. ஜெர்மனி உலையை மூடியதை உலகமே பேசுகிறது. பிரான்ஸ் சத்தமில்லாமல் கட்டுவதை மூடியதை யாரும் பேசுவதில்லை.

லியோன்வாசி:
ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அந்த இடைவெளி அரசியல்வாதிகள் செய்தது. 2015-இல் சட்டம் போட்டார்கள்: 2025-க்குள் அணுவின் பங்கை 50 சதவீதமாகக் குறைப்போம் என்று. பிறகு அதை 2035-க்குத் தள்ளினார்கள். 2023-இல் அதையே நீக்கினார்கள். அதிபர் மக்ரோன் 2020-இல் ஃபெசன்ஹைமை மூடினார்; 2022 பிப்ரவரியில் பெல்ஃபோரில் நின்றுகொண்டு ஆறு புதிய உலைகள், தேவைப்பட்டால் இன்னும் எட்டு என்றார். ஒரே ஆள்!

ரைன்கரை:
நாங்கள் மட்டும் என்ன? 2002-இல் மூடுவோம், 2010-இல் நீட்டிப்போம், 2011-இல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு உடனே மூடுவோம். கடைசி இரண்டும் சான்ஸலர் மெர்கெல் ஆட்சியில், ஆறே மாத இடைவெளியில். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலைகளைப் பற்றி மாற்றி மாற்றிப் பேசினாலும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தை எந்தக் கட்சியும் தூக்கி எறியவில்லை. விலையைக் குறைத்தார்கள், ஏல முறை கொண்டுவந்தார்கள், அடித்தளத்தை விடவில்லை. 2024-இல் மின் நுகர்வில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்கது. பிரான்ஸ் 2020-க்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்கைத் தவறவிட்ட ஒரே ஐரோப்பிய ஒன்றிய நாடு. அவ்வளவு நீளமான கடற்கரை இருந்தும் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை சாங் நசேரில் திறந்தது 2022-இல்தான்.

வழிப்போக்கன்:
கழிவு?

லியோன்வாசி:
பியூர் என்ற ஊரில் 500 மீட்டர் ஆழத்தில் களிமண் பாறையில் புதைக்கும் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தாகிவிட்டது. ஜெர்மனி 1977-இல் கோர்லேபென் உப்புப் பாறையைத் தேர்ந்தெடுத்து, நாற்பது ஆண்டு சண்டை போட்டு, 2020-இல் அது வேண்டாம் என்று முதலிலிருந்து தொடங்கியது. 2031-க்குள் இடம் தேர்வு செய்வோம் என்ற இலக்கும் எட்டாது என்று பொறுப்பான அமைப்பே சொல்லிவிட்டது. உலையை மூடினால் கழிவு மறைந்துவிடாது.

ரைன்கரை:
உண்மை. ஆனால் இனி எங்கள் கழிவு பெருகாது. யுரேனியத்தையும் பேசுங்கள். பிரான்சின் கடைசிச் சுரங்கம் 2001-இல் மூடியது. நைஜரில் 2023-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கிருந்த பிரெஞ்சுச் சுரங்கம் கைவிட்டுப் போனது.

கணக்குப்பிள்ளை:
ரஷ்யக் குழாயில் வாயை வைத்துக்கொண்டு எரிவாயு குடித்த நாடு யுரேனியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது. 2021-இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவினுடையது. கிரிமியாவை 2014-இல் விழுங்கிய பிறகும் ரஷ்யாவிலிருந்து எரிவாயு கொண்டுவர இரண்டாவது நார்ட்ஸ்ட்ரீம் குழாயைப் போட்டார்கள். யுரேனியத்தையாவது சில ஆண்டுக்குச் சேமித்து வைக்கலாம், வேறு நாட்டிலிருந்து வாங்கலாம்.

2022-இல் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று. பிரான்சுக்கு ஜெர்மனி மின்சாரம் அனுப்பியது; அக்டோபரில் பிரான்ஸ் ஜெர்மனிக்கு நேரடியாகக் குழாய் வழியே எரிவாயு அனுப்பியது. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'பசுமை முதலீடு' பட்டியலில் ஒருவர் அணுவையும் மற்றவர் எரிவாயுவையும் நுழைத்துக்கொண்டார்கள். மேடையில் எதிரிகள், பேரத்தில் கூட்டாளிகள்.

ஈபி ஓய்வாளர்:
இருவருக்கும் ஒரு தேதியைச் சொல்கிறேன். ஜெர்மன் சட்டப்படி கடைசி நிலக்கரி நிலையம் 2038-க்குள் மூட வேண்டும். பிரான்சில் பென்லியில் வரவிருக்கும் முதல் புதிய உலை ஓடத் தொடங்கும் ஆண்டு, முதலில் 2035 என்றார்கள், இப்போது 2038. ஒருவருடைய வாக்குறுதி மூடுவது, மற்றவருடையது திறப்பது. அதற்குள் பிரான்சின் பழைய உலைகளில் பல ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஜெர்மனிக்குக் காற்றில்லாத வாரத்தைச் சமாளிக்க புதிய எரிவாயு நிலையங்கள் வேண்டும். அவற்றில் எத்தனை, யார் பணத்தில் என்று ஆட்சிக்கு ஆட்சி பேச்சு மாறுகிறது. கம்பியும் கையும் தயாராக இல்லாத இடத்தில் தேதி எழுதுவது சுலபம்.

ரைன்கரை:
மக்ரோன் அறிவித்த ஆறு உலைக்கு 2022-இல் 5,170 கோடி யூரோ என்றார்கள். 2024-இல் 6,740 கோடி. ஒரு கடப்பாரைகூட ஒழுங்காக இறங்காத நிலையில்! அந்த ஆறில் இரண்டு பூஜேயில் வருகின்றன. லியோனுக்குப் பக்கம்தானே அண்ணா? வரட்டும் என்கிறீர்களா?

லியோன்வாசி:
வரட்டும். இப்போதே அங்கே நான்கு உலைகள் ஓடுகின்றன. அவற்றின் மின்சாரத்தில்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். விலை ஏறுவது முதல் உலைக்குத்தான். ஒரே வடிவத்தில், ஜோடி ஜோடியாக, நிறுத்தாமல் கட்டினால் இறங்கும்; முன்பும் அப்படித்தான் இறக்கினோம். நான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் மாநிலமான பாடன்-வுர்ட்டெம்பெர்க்கில் பசுமைக் கட்சியின் முதல்வர் 2011 முதல் ஆண்டாரே, வடக்கு மாநிலங்களோடு ஒப்பிட்டால் எத்தனை காற்றாலை வந்தது?

ரைன்கரை:
குறைவுதான். ஃப்ரைபுர்க்கில் ரோஸ்கோஃப் மலைமீது 2003 முதல் சுற்றுகின்றன. அப்போதைய மாநில அரசு அவற்றை எதிர்த்தது. ஊர் மக்கள் பங்கு வாங்கி நிறுத்தினார்கள். மற்ற மலைகளுக்கு அனுமதி வாங்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. 2022-இல்தான் ஒவ்வொரு மாநிலமும் நிலத்தில் இத்தனை சதவீதம் காற்றாலைக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது.

கணக்குப்பிள்ளை:
அதாவது உலைகளை மூடச் சட்டம் போட்டு இருபது ஆண்டு கழித்து.